சோடியம் 116 என்றால் உப்புக் குறைவு என்று பொருளல்ல: செவிலிய மாணவியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் படிக்கும் மாணவிக்கு எலக்ட்ரோலைட் (மின்பகுளி) என்ற சொல் புதிதல்ல. 1953ஆம் ஆண்டிலிருந்து மின்வேதியியலுக்கென்றே இயங்கும் மத்திய ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும் ‘செறிவு’ என்ற கருத்து வார்டுக்குள் நுழைந்தவுடன் மறந்துவிடுகிறது. உடல்நீர், மின்பகுளி, அமில-காரச் சமநிலை ஆகிய பாடங்களில் நான் திருத்தும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறதியிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு சித்திரை மாதத்தில் எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவரை வார்டில் சேர்த்தார்கள். பெற்ற மகளையே ‘நீ யாரு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு நாளாப் பேதி. நாக்கு வறளுதுன்னு சொன்னாக, சீரகத் தண்ணியாக் குடுத்துக்கிட்டே இருந்தேன்” என்றார் மகள். ரத்த அழுத்தத்துக்கு ஆச்சி பல வருடங்களாகச் சாப்பிட்டு வந்தது, சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை மாத்திரை. சோதனைச் சீட்டில் சோடியம் 116 என்று இருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உடனிருந்த மாணவி, “மேடம், உப்பு இறங்கிப்போச்சு, கஞ்சியில உப்பைக் கூட்டிப் போட்டுக் குடுக்கச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

அந்த எண் உடலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், எத்தனை மில்லி ஈக்விவலன்ட் (மின்பகுளிகளை அளக்கும் அலகு) சோடியம் கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ரசத்தில் ஒரு செம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினால் போட்ட உப்பு அப்படியே இருக்க, ரசம் மட்டும் சப்பென்றாகிவிடும். ஆச்சிக்குப் பேதியில் உப்பும் நீரும் சேர்ந்தே போயின; வெறும் தண்ணீர் மட்டும் திரும்ப உள்ளே வந்தது. ரத்தக் கனஅளவு குறைந்ததால் ஏடிஹெச் என்ற ஹார்மோன் சுரந்து, வந்த தண்ணீரைச் சிறுநீராக வெளியேறவிடாமல் தடுத்தது. மாத்திரை அதற்குத் துணைபோனது. இதே 116, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத்திணறும் இதயச் செயலிழப்பு நோயாளிக்கும் வரலாம். அவர் உடலில் உப்பு கூடுதலாகவும் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஆச்சிக்கு நார்மல் சலைன் என்ற உப்புநீர் தேவை. இவருக்கு அதே பாட்டில் நுரையீரலில் நீர் கோக்கக் காரணமாகிவிடும். ஆகவே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் காலையும் நாக்கையும், உட்கார வைத்து எடுத்த ரத்த அழுத்தத்தையும் பார்க்காமல் எதையும் முடிவுகட்டக் கூடாது. முதியவர்களின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனெனில் வயதால் தளர்ந்த தோல் நீர்ச்சத்து இருந்தாலும் மடிந்தே நிற்கும். நெஞ்செலும்பின் மேல் உள்ள தோலையும் அக்குளின் ஈரத்தையும் பாருங்கள்.

அடுத்த தவறு, எண் ஏறினால் நல்லது என்று மகிழ்வது. நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் ஏறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாக ஏறினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதைந்து, சில நாட்கள் கழித்துப் பேச்சும் விழுங்கும் திறனும் கைகால் அசைவும் போய்விடக்கூடும். வலிப்பு வந்தால் மட்டும் மருத்துவர் 3 சதவீத சலைனைச் சிறிய அளவில் விரைவாக ஏற்றச் சொல்வார். அது உயிர்காக்கும் விதிவிலக்கு. இங்கே செவிலியரின் கண்ணுக்குத்தான் முதல் அறிகுறி தெரியும். சலைன் ஏறி ரத்தக் கனஅளவு நிறைந்ததும் ஏடிஹெச் அடங்கிவிடுகிறது. அதுவரை மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்த சிறுநீர்ப் பை, தண்ணீர் போன்ற தெளிந்த நீரால் மளமளவென்று நிரம்பத் தொடங்கும். ‘நன்றாகச் சிறுநீர் போகிறது’ என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. சோடியம் எகிறப்போகிறது என்பதற்கான அறிவிப்பு அது. அந்த நிமிடமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பொட்டாசியத்தில் நேரும் தவறுக்குத் திருத்தமே கிடையாது; அதனால் இதைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன். 15 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில், அதாவது 10 மில்லியில், 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. அதை நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நேரடியாகச் செலுத்தக் கூடாது என்பது எல்லா மாணவிகளுக்கும் தெரியும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் மருந்தைச் சேர்ப்பதும் ஏறக்குறைய அதே ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. அடர்த்தி மிகுந்த கரைசல் பாட்டிலின் அடியில், குழாய் தொடங்கும் இடத்திலேயே தங்கி, முதலில் அதுவே உள்ளே போகும். குழாயை அடைத்து, பாட்டிலைக் கீழே இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்து, அளவையும் நேரத்தையும் எழுதி ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் போகக் கூடாது. சிறுநீர் இறங்குகிறதா என்பதை முன்னதாகவே உறுதிசெய்துகொள்ளுங்கள். எவ்வளவு ஏற்றியும் பொட்டாசியம் உயரவில்லையென்றால் மெக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பொய்யான எண்களும் உண்டு. பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டி, நோயாளியைக் கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உப்பு உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்ததைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றி ஊற்றினால், அந்த உப்பிலுள்ள பொட்டாசியமே கலந்து எண்ணை உயர்த்துவதோடு கால்சியத்தையும் பொய்யாகக் குறைத்துவிடும். டிரிப் ஏறும் கையில் ரத்தம் எடுக்கவே கூடாது.

அமில-காரப் பகுதியில் மாணவிகள் குழப்பிக்கொள்வது வாந்தியையும் பேதியையும்தான். ஓயாத வாந்தியில் இரைப்பையின் அமிலம் வெளியேறுவதால் ரத்தம் காரத்தின் பக்கம் சாயும். பேதியில் பைகார்பனேட் வெளியேறுவதால் அமிலத்தின் பக்கம் சாயும். இன்னொன்று, சர்க்கரை நோயாளி கீட்டோ அமிலத்தேக்கத்தில் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை) ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடுவதைப் பார்த்து ‘வீசிங்’ என்றோ பதற்றம் என்றோ எண்ணுவது. உடல் கார்பன்-டை-ஆக்சைடை வெளியேற்றி அமிலத்தைக் குறைக்கப் போராடுகிறது. தூக்க மருந்து கொடுத்து அந்த மூச்சை அடக்கினால் நோயாளியைக் கைவிட்டதாகிவிடும். அவருடைய பொட்டாசியம் சீட்டில் இயல்பாகத் தெரிந்தாலும் உடலின் இருப்பு கரைந்திருக்கும், இன்சுலின் தொடங்கியதும் மளமளவென்று சரியும். ரத்தத்தின் அமில-கார அளவைக் காட்டும் பிஹெச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. 35 முதல் 45 வரையான கார்பன்-டை-ஆக்சைடையும் 22 முதல் 26 வரையான பைகார்பனேட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் அறிவுரையிலும் கவனம் வேண்டும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொண்டே காலரா நோயாளிகளைக் காப்பாற்றிக் காட்டினார். அந்தக் கரைசல் வேலை செய்வது அளவு சரியாக இருக்கும்போதுதான். இங்கே வீடுகளில் ‘கொஞ்சம் கொஞ்சமா’ என்று ஓஆர்எஸ் என்ற அந்தக் கரைசல்பொடிப் பொட்டலத்தில் பாதியை எவர்சில்வர் டம்ளரில் கரைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலமென்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பாட்டிலைக் கையில் எடுத்தே காட்டுங்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. பேதிக்கு அது கரைசலின் இடத்தைப் பிடிக்காது, சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஆபத்தும் ஆகும்.

அந்த ஆச்சி மூன்றாம் நாள் காலையில் மகளைப் பெயர் சொல்லி அழைத்தார். அன்று எடை 52 கிலோ; முந்தைய நாளைவிட 600 கிராம் கூடுதல், அதாவது ஏறக்குறைய 600 மில்லி நீர். எடையை நாள்தோறும் அதே நேரத்தில், அதே தராசில், சிறுநீர் கழித்த பிறகு, காலைக் காபிக்கு முன்பு எடுத்ததால்தான் அந்தக் கணக்கை நம்பி மருத்துவரால் டிரிப்பை நிறுத்த முடிந்தது.