வளைஞ்ச மரம் வேணுமெண்டா இப்பவே வளையுங்கோ
வேலியில நட்ட பூவரசங்கதியால் எல்லாம் நேரா வளரவேணுமெண்டு ஆர் சொன்னது? வள்ளத்துக்கு உள்ளுக்கு வைக்கிற வளைஞ்ச கால், வாசல் வளைவு, கதிரைக் கை, இதுக்கெல்லாம் நேர்ப் பலகையை வளைவா அறுத்தா மரத்தின்ர நார் குறுக்கால வெட்டுப்பட்டுப் போகும், பாரம் வந்தா அந்த இடத்திலதான் வெடிக்கும். தானா வளைஞ்ச மரத்தில நாரும் சேர்ந்தே வளையிறதால அந்தப் பிரச்சினை குறைவு. பழைய காலத்தில இங்கிலாந்திலயும் கப்பலுக்கு வளைஞ்ச ஓக் மரத்தைத் தேடித்தான் வெட்டினவங்கள்.

செய்யிறது சிம்பிள், ஆனா பொறுமை வேணும். மாரி மழைக்குத் தண்ணி குடிச்சு இளசா நிக்கிற, விரல் மொத்தக் கம்பைப் பிடிச்சு ஒரேயடியா இல்லாம கிழமைக்குக் கொஞ்சமா வளைச்சு, முளை அடிச்சு, பழைய சாரத் துணியால கட்டுங்கோ. கம்பி வேண்டவே வேண்டாம், பட்டைக்குள்ள இறங்கிடும். விட்டா கொஞ்சம் நிமிரும், அதால தேவைக்கு மேல கொஞ்சம் கூட வளைக்கோணும். கட்டின துணியை அடிக்கடி தளர்த்துங்கோ, வளைவில குத்தி வாற புதுத் துளிரைக் கிள்ளிவிடுங்கோ, இல்லாட்டி சத்தெல்லாம் அதுக்குத்தான் போகும்.

கைமொத்தம் வர வருசக்கணக்காகும், வள்ளத்துக்கெண்டா இன்னும் கூட. வெட்டினாப்பிறகு நுனி ரெண்டுக்கும் பெயின்ட் பூசி நிழலில போடுங்கோ, வெயிலில போட்டா வெடிச்சிடும். நான் மூண்டு கம்பு கட்டி ரெண்டை ஆடு திண்டிட்டுது, அடைப்புப் போட மறக்காதேங்கோ.