வேலைக்காசு சொல்லக்குள்ள நாங்கள் விடுற பிழைகள்

பக்கத்து பைக் கராஜில ஒரு மணித்தியால வேலைக்கு 1000 ரூவா எண்டா நான் 800 சொல்லுவன், ஆக்கள் என்னட்ட வருவினம் எண்டு நினைச்சுத்தான் முதல் ரெண்டு வருஷமும் ஓட்டினன். ஆனா அந்த கராஜ்காரர் இருக்கிறது சொந்தக் காணியில, மகனும் கூட நிண்டு வேலை செய்யிறான், எனக்கு மாசம் பிறந்தா வாடகை. அவர்ட ரேட்ட பார்த்து நான் குறைச்சா எனக்கு எப்பிடி கட்டும்?

உங்கட கணக்க நீங்கள்தான் போடோணும். ஒரு பேச்சுக்கு வீட்டுச் செலவு 95,000, வாடகை 25,000, கரண்டும் போனும் 10,000, டூல்ஸுக்கு 10,000, சேமிப்பு 10,000, எல்லாமா 150,000 எண்டு வைப்பம். சேமிப்ப விட்டுடாதீங்கோ, கம்பெனியில வேலை செய்யிறவருக்கு சம்பளத்தில அவர்ட 8 வீதத்தோட முதலாளி 12 வீதம் ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்கும், 3 வீதம் ஈடிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கும் போடுறார், எங்களுக்கு போட ஆர் இருக்கினம். இப்ப எல்லாரும் விடுற பிழை, 24 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், 192ஆல பிரிச்சு மணித்தியாலத்துக்கு 780 காணும் எண்டு நிக்கிறது. பாட்ஸ் கடைக்கு ஓடுறது, போன் கதைக்கிறது, பழைய கடன் கேட்டு திரியிறது எல்லாம் போக ஸ்பேனர் பிடிக்கிற நேரம் 5 மணித்தியாலம் வந்தாலே பெரிய விஷயம். அப்ப 120ஆல பிரியுங்கோ, 1250 வரும். 800க்கு செய்தா ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 450 ரூவா உங்கட பொக்கெட்டால போகுது.

அடுத்தது வண்டியை பாக்க முதல் விலை சொல்றது. திருகோணமலை நிலாவெளிப் பக்கம் மீன் ஏத்துற ஐயா ஒருத்தர் சைலன்சர் கேஸ்கட் மாத்த வந்தார், நானும் பைக்க குனிஞ்சும் பாக்காம 1500 எண்டன். எங்கட கடற்காத்துக்கு இரும்பு என்ன பாடுபடும் எண்டு தெரிஞ்சும் சொன்னன் பாருங்கோ. நட்ட திருப்பினதும் அது பூட்டியிருக்கிற ஸ்டட், அதான் எஞ்சின் ஹெட்டில நிக்கிற மரையாணி, ஹெட்டோட மட்டமா முறிஞ்சுது, நடுவில புள்ளி குத்தி, சின்ன பிட்டால துளைச்சு, சூடு காட்டி எடுக்க 3 மணித்தியாலம். முடிய 4500 எண்டன். ஐயா ஒண்டும் பேசேல்ல, 1500ஐ எண்ணி சீட்டுக்கு மேல வச்சிட்டு போயிட்டார், அவரில பிழை இல்ல. இப்ப துரு கண்டா முதலே சொல்லிடுவன், "ஐயா, சுகமா கழண்டா 1500, முறிஞ்சா மேல போகும், போன் எடுத்து கேட்டிட்டுத்தான் கை வைப்பன்" எண்டு.

ஆனா நாங்கள் பழகிற நேரத்த கஸ்டமர்ட தலையில கட்டக்கூடாது. இஞ்ஜெக்டர் பைக் முதல் தரம் கழட்டி ஒண்டரை மணித்தியால வேலைக்கு நாலு எடுத்தன், ஒண்டரைக்குத்தான் காசு வாங்கினன்.

"வேலைக்கு காசு வேணாம் அண்ணை, பாட்ஸுக்கு மட்டும் தாங்கோ" எண்டு சொல்லி பாட்ஸ் விலையில ஏத்துறதும் வேணாம். 2022ல டொலர் 200ல இருந்து 350 தாண்டினதுக்கு பிறகு சனம் மூண்டு கடைக்கு போன் அடிச்சு விலை கேக்க பழகிட்டுது, ஒரு நாள் பிடிபட்டா நீங்கள் நேர்மையா வாங்கின காசும் களவு மாதிரித்தான் தெரியும். பில்லில பாட்ஸ் வேற, கூலி வேற எழுதுங்கோ. மச்சானுக்கு குறைக்கிறதெண்டாலும் முழுக்கூலிய எழுதி கீழ கழிச்சு காட்டுங்கோ, இல்லாட்டி அடுத்த தரம் அந்த குறைச்ச விலைதான் அவருக்கு உங்கட ரேட்.

கடைசியா, முகத்த பார்த்து விலை சொல்றது. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் உப்புவெளியில வெள்ளைக்காரர் வாடகை ஸ்கூட்டரில திரிவினம், 1000 ரூவா வேலைக்கு 3000 கேட்டா சிரிச்சுக்கொண்டு தருவினம்தான். பின்னேரம் கெஸ்ட்ஹவுஸ் அண்ணைட்ட கதை போகும், அடுத்த கிழமை அவர்ட பத்து ஸ்கூட்டரும் வேற கராஜ் வாசலில நிக்கும்.