டார்ச்ல மோர்ஸ் பழக ஒரு சின்ன வழி
மோர்ஸ்னா குட்டையாவும் நீட்டமாவும் லைட் அடிச்சு இங்கிலீஷ் எழுத்துகளை அனுப்புற முறை. அதுல ஒரு எழுத்து பழகணும்னா புள்ளி, கோடுன்னு பேப்பர்ல எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க, வாயால தாளமா சொல்லிக்கிட்டே டார்ச் பட்டனை அமுக்குங்க. முதல்ல யு (U) எழுத்து, தி தி தாஆஆ. "தி"ங்கிற புள்ளிக்கு லைட் ஒரு எண்ணிக்கை எரியணும், "தா"ங்கிற கோட்டுக்கு 3, நடுவுல லைட் அணைஞ்சு இருக்கது 1.

காதுக்கு தாளம்தான் சட்டுனு பதியும், புள்ளிய எண்ணிக்கிட்டே போனா வேகம் கூடும்போது கை நின்னுரும். சர்வதேச கப்பல் சிக்னல்ல யு-ன்னா "நீங்க ஆபத்தை நோக்கி போறீங்க"ன்னு அர்த்தம், முட்டம் மாதிரி பாறை உள்ள கடப்புறத்துல இருக்கவங்களுக்கு முதல்ல பழக இதைவிட நல்ல எழுத்து இல்ல. ஆனா கூட ஒரு "தி" விழுந்தா அது வி, "எனக்கு உதவி வேணும்"னு மாறிரும், "தா" குட்டையா போனா எஸ் ஆயிரும், அதனால நல்லா இழுத்து விடுங்க.

அமுக்கினா எரிஞ்சு விட்டா அணையுற பட்டன்லதான் இது சரிவரும், கிளிக் ஆகி நிக்கிற டார்ச்சோ போன் லைட்டோ தாளத்தை கெடுத்துரும். உச்சி வெயில்ல தெரியவும் செய்யாது. எதிர்ல வாற வள்ளக்காரருக்கு மோர்ஸ் தெரியலன்னாலும் பிரயோஜனம் இல்ல, நெசமாவே ஆபத்துன்னா உடனே கடலோர காவல்படை 1554-க்கு கூப்பிடுங்க.