வயதான முயலின் உள்ளங்கால் புண்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய், பூனைகளுக்கு இருப்பது போன்ற மெத்தென்ற பாதத் திண்டு முயலுக்குக் கிடையாது. அடர்ந்த உரோமமும் அதற்கடியில் உள்ள மெல்லிய தோலுமே அதன் எடையைத் தாங்குகின்றன. மூட்டுவாதம் வந்த வயதான முயல், இளம் முயலைப் போல ஓடியாடாமல் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் பின்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இதனால் குதிகால் பகுதியில் அழுத்தம் குவிந்து, இரத்த ஓட்டம் குறைந்து, தோல் நலிவடைகிறது. இந்த அழுத்தத்தைக் குறைக்காமல் புண்ணுக்கு மட்டும் களிம்பு தடவிக்கொண்டிருப்பதுதான் முதன்மையான தவறு.

கம்பித் தளம் கூடாது என்பது பலருக்கும் தெரியும். கால் வழுக்கும் ஓட்டுத் தரையும், தோலை உராயும் செயற்கை இழைக் கம்பளமும் தீங்கானவை என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். படுக்கையின் மீது உள்ளங்கையைச் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள்: கையில் ஈரம் பட்டாலோ, அடியிலுள்ள தரையின் கடினம் தட்டுப்பட்டாலோ அந்தப் படுக்கை போதாது. கழிவுத் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால், மூட்டு வலியுள்ள முயல் ஏறி இறங்கச் சோம்பி ஈரத்திலேயே உட்கார்ந்துவிடும். சோம்பல் என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது வலி.

குதிகாலில் உரோமமற்ற சிறு காய்ப்பு தெரிந்தவுடன் பதற வேண்டியதில்லை. சுற்றியுள்ள உரோமம் அதை மூடியிருந்து, தோல் சிவக்காமல் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பானதே. சிவப்பு, வீக்கம், பொருக்கு, கசிவு ஆகியவையே கவலைக்குரியவை. பாதத்தைப் பார்ப்பதற்காக முயலை மல்லாக்கப் புரட்டுவதையும், சுத்தம் என்று கருதி உள்ளங்கால் உரோமத்தை வெட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அந்த உரோமமே அதற்கு இருக்கும் ஒரே மெத்தை. வெட்ட வேண்டியவை நகங்களே, ஏனெனில் நீண்ட நகங்கள் எடையைக் குதிகாலின் பக்கம் தள்ளிவிடுகின்றன.

வீட்டிலுள்ள மருந்துகளை எடுத்துக் கொடுப்பது ஆபத்தானது. அமாக்சிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியாகக் கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து உயிரே போகக்கூடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் தடவக் கூடாது. முயல் அதை நக்கி விழுங்கிவிடும், நோயெதிர்ப்பும் குன்றும். முயலின் சீழ் பசை போலக் கெட்டியானது என்பதால் அதைப் பிதுக்கி வெளியேற்ற முயல்வதும் வீண். தொற்று எலும்பு வரை சென்றுவிட்டதா என்பதை ஊடுகதிர்ப் படம் எடுத்துத்தான் உறுதிசெய்ய முடியும். கட்டுப் போடுவதாக இருந்தால் மருத்துவர் காட்டிய முறையிலேயே போட்டு, நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

எடையைக் குறைப்பதற்காக முயலைப் பட்டினி போடவே கூடாது. உணவு நின்றால் குடல் இயக்கம் நின்று, கல்லீரலும் பாதிக்கப்படும். உலர்புல்லைத் தாராளமாகக் கொடுத்து, குருணைத் தீவனத்தை மட்டும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். அரை நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாத முயலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது.

முயல் வலியை மறைக்கும் பிராணி. அது துள்ளி நடப்பதைப் பார்த்துவிட்டு வலி நிவாரணியை நாமாகவே நிறுத்திவிடுகிறோம்; மருந்தின் பயனால்தான் அது அப்படி நடந்திருக்கும். ஆகவே அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும். புண் ஆற வாரங்களோ மாதங்களோ ஆகலாம்; மேல்தோல் மூடிய பின்னரும் மென்மையான, உலர்ந்த படுக்கையை எடுத்துவிடக் கூடாது.