வட்டாரத்தில் தொழில்நுட்பம் வளர வேண்டுமா? முதலில் ஆர்டர் கொடுங்கள்

நம் பகுதியிலும் தொழில்நுட்ப நிறுவனங்கள் முளைக்க வேண்டும் என்று நாலு பேர் கூடினால், பேச்சு முதலில் கட்டடத்துக்குத்தான் போகும். கண்ணாடி முகப்பு, உள்ளே வண்ண வண்ண நாற்காலிகள், சுவர் முழுக்க உற்சாக வாசகங்கள். அடுத்தது நிதியம். அதற்குப் பெயர் வைப்பதிலேயே இரண்டு கூட்டம் ஓடிவிடும். நான் பல ஆண்டுகள் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். இப்போது புதிய நிறுவனங்களையும் பழைய நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் என் வேலை. புதிய நிறுவனங்களில் சொந்தப் பணத்தைப் போடுகிறவர்கள் சேர்ந்த ஒரு சிறிய ஏஞ்சல் குழுவில் என் பணமும் கிடக்கிறது. என் அனுபவத்தில் வரிசை வேறு. முதலில் ஆட்கள், அப்புறம் ஆர்டர், அதற்குப் பிறகு பங்கு முதலீடு. கட்டடம் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால்.

ஆர்டரை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், பெரிதாக வளர்ந்த வட்டாரங்களின் கதையைத் தோண்டினால் அடியில் யாரோ ஒருவர் கொடுத்த ஆர்டர் இருக்கிறது. அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 1939-ல் 538 டாலர் முதலோடு தொடங்கிய ஹியூலெட் பேக்கார்டிடம் தொடக்கத்திலேயே எட்டு ஆசிலேட்டர்களை (ஒலிச் சோதனைக் கருவிகளை) வாங்கியது வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ. அதே பகுதியில் டிரான்சிஸ்டர் செய்யும் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் 1957-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஐபிஎம், ஒன்றுக்கு 150 டாலர் வீதம் நூறு டிரான்சிஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தது. ஃபேர்சைல்டின் முதல் விற்பனை அதுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சிறு நிறுவனத்தை 1981-ல் பிபிசி தன் கணினிக்குத் தேர்ந்தெடுத்தது. 12,000 விற்கும் என்று போட்ட கணக்கு. கடைசியில் 15 லட்சத்தைத் தாண்டி விற்றது. அந்தத் தெம்பில் ஏகார்ன் சொந்தமாக ஒரு செயலியை வடிவமைத்தது. 1990-ல் அது ஆர்ம் என்ற தனி நிறுவனமானது. கைபேசிகளுக்குள் இருப்பது இன்று அந்த வடிவமைப்புதான்.

ஆட்களைத் தேடுவது

ஒரு எக்செல் தாளைத் திறந்து மூன்று பத்தி போடுங்கள். செய்யத் தெரிந்தவர்கள், தீராத சிக்கல் வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு தொழிலைக் கட்டி எழுப்பியவர்கள். முதல் பத்தியில் எல்லோரும் நிறுவனர்களை மட்டும் எழுதுவார்கள். வீட்டிலிருந்தபடி தூரத்து நிறுவனத்துக்கு வேலை செய்யும் பொறியாளர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டாவது பத்திக்கு நிர்வாக இயக்குநர்களை விடப் பராமரிப்புப் பிரிவுத் தலைவர், கிடங்கு மேலாளர், தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர் பயன்படுவார்கள். எந்த இயந்திரம் எப்போது மக்கர் பண்ணும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரி அருகில் இருந்தால் கனடாவின் வாட்டர்லூவைப் பாருங்கள். 1957-ல் தொடங்கியதிலிருந்தே அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் நிறுவனத்தில் சம்பளத்துடன் வேலை என்று மாறி மாறிப் போகிறார்கள். கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கே என்பதும் அங்கே நீண்ட நாள் கொள்கை. உங்கள் பக்கத்துக் கல்லூரியிடம் ஒப்பந்தம் போடப் போனால் இந்த உரிமை விஷயத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல்கலைக்கழகம் பாதியைக் கேட்டால் நல்ல மாணவர்கள் கண்டுபிடித்ததைச் சொல்லாமலே வெளியே போய்விடுவார்கள்.

கூட்டம்

கூட்டத்துக்கு மூன்றே விதி. ஒரே நாள், ஒரே நேரம், இலவசம். 2012-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் காஃப்மன் அறக்கட்டளை தொடங்கிய ‘ஒன் மில்லியன் கப்ஸ்’ இதற்கு நல்ல மாதிரி. புதன்கிழமை காலை, காபி, மேடையில் ஒரு நிறுவனர் சுருக்கமாகப் பேசுவார், மீதி நேரம் கேள்வி. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்களுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

இதில் நான் சேர்த்துக்கொண்டது ஒன்று. “அந்த மேலாளரை எனக்குத் தெரியும், அறிமுகம் செய்கிறேன்” என்று யாராவது சொன்னால் ஒருவர் அதை நோட்டில் எழுதுவார். அடுத்த கூட்டம் அந்த நோட்டை வாசிப்பதில் தொடங்கும். வாக்குக் கொடுத்தவர் நெளிவார், அல்லது செய்து முடித்துவிட்டு வருவார். இரண்டுமே நல்லது. சிறப்பு விருந்தினர் மட்டும் வேண்டாம். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்ததும் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், நிறுவனருக்கு மிச்சம் ஐந்து நிமிடம்.

முதல் ஆர்டரை எப்படி வாங்குவது

வேலையில் பாதி இங்கேதான். பழைய நிறுவனங்களுக்குப் புதியவர்களிடம் வாங்க ஆசை இல்லாமல் இல்லை. அவர்களுடைய படிவம் விடாது. கொள்முதல் பிரிவில் நானே நீட்டிய வெண்டர் பதிவுப் படிவத்தில் மூன்று ஆண்டு தணிக்கை செய்த கணக்கு, இதே வேலையை முன்பு செய்ததற்கான சான்று, தரச் சான்றிதழ் என்று இருக்கும். பிறந்து எட்டு மாதமான நிறுவனம் மூன்று ஆண்டு கணக்குக்கு எங்கே போகும்? இதையும் தாண்டி உள்ளே வந்தால், பில் கொடுத்து தொண்ணூறு நாளில் பணம். மூன்று பேர் கொண்ட குழு தொண்ணூறு நாள் சம்பளம் இல்லாமல் தாக்குப் பிடிக்காது.

ஆகவே பழைய நிறுவனத்தின் தலைவரிடம் முதலீடு கேட்காதீர்கள். இரண்டு சலுகை கேளுங்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே உள்ள ஆர்டர்களுக்கு ஒரு பக்கப் பதிவுப் படிவம் போதும் என்று ஒரு சுற்றறிக்கை. அந்த ஆர்டர்களுக்கு மட்டும் பதினைந்து நாளில் பணம். அவருக்கு இதில் பெரிய செலவு இல்லை, ஒரு கையெழுத்துதான். ஆனால் அந்தக் கையெழுத்து வராமல் எத்தனை ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டாலும் கொள்முதல் பிரிவில் வந்து எல்லாம் முட்டி நிற்கும். நிதிப் பிரிவுத் தலைவரையும் அதே அறையில் உட்கார வையுங்கள். அவர் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவு முடிவே அல்ல.

அப்புறம் பைலட், அதாவது சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மோட்டாரின் அதிர்வை அளந்து பேரிங் கெடப்போவதை முன்பே சொல்லும் கருவி ஒன்றை ஒரு குழு செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் ஆலையில் போட்டுப் பார்க்கிறோம்” என்று அவர்கள் கேட்க, “சரி, போடுங்கள்” என்று பராமரிப்புத் தலைவர் சொன்னால் அது பைலட் ஆகாது. ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். எந்த மோட்டார்கள்: இரண்டாம் வரிசையின் நான்கு மோட்டார்கள், அவற்றின் எண்களோடு. எவ்வளவு காலம்: எட்டு வாரம். எது வெற்றி: நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே எச்சரிக்கை வர வேண்டும், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் பொய் எச்சரிக்கை கூடாது. எச்சரிக்கை யாருடைய போனுக்கு வரும்: ஷிப்ட் பொறுப்பாளர், பெயரோடு. பணம்: பாதி முன்பணம், மீதி முடிந்த பதினைந்து நாளில். வெற்றி என்றால் மற்ற வரிசைகளுக்கு என்ன விலை என்பதும் இப்போதே எழுதப்பட வேண்டும். கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். எட்டு வாரம் கழித்து கருவி நன்றாக வேலை செய்யும், விலை பேசவே இன்னும் ஆறு மாதம் போகும்.

இலவச பைலட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காசு கொடுக்காமல் வந்த பெட்டியை ஆலையில் யாரும் திறக்கக்கூட மாட்டார்கள். சிறு தொகையாக இருந்தாலும் பில் போனால் பதிவு நடக்கும், நிதிப் பிரிவில் பெயர் ஏறும், இரண்டாவது ஆர்டருக்கு வழி திறந்துவிடும்.

இன்னொன்று. பழைய நிறுவனம் உற்சாகமாகிவிட்டால் “எங்களுக்கு மட்டும் கொடுங்கள்” என்று கேட்கும். ஆறு மாத முன்னுரிமை கொடுக்கலாம், தனியுரிமை கூடாது. ஒரே சிக்கல் உள்ள நாலைந்து நிறுவனங்களைச் சேர்த்து, செலவைப் பகிர்ந்து ஒரு பைலட் நடத்துவது இன்னும் நல்லது. போட்டியாளர்கள் ஒன்றாக உட்கார மாட்டார்கள் என்பார்கள். கழிவுநீர், மின்சாரம், பழுது மாதிரி யாருக்கும் பெருமை இல்லாத சிக்கலை எடுத்தால் உட்காருகிறார்கள்.

பணம்

இஸ்ரேலில் அரசு 1992-ல் ‘இன்பால்’ என்ற திட்டம் கொண்டுவந்தது. முதலீட்டு நிதியங்களுக்கு நஷ்டம் வந்தால் 70 சதவீதம் வரை அரசு உத்தரவாதம். எடுபடவில்லை. நஷ்டத்துக்குப் பாதுகாப்பு இருந்தால், ஜெயிப்பதற்கு மெனக்கெட யாருக்கும் அவசரம் இராது. அடுத்த ஆண்டு 100 மில்லியன் டாலரோடு வந்த ‘யோஸ்மா’ வேறு மாதிரி. பத்து நிதியங்களில் அரசு 40 சதவீதம் வரை போட்டது. ஒவ்வொன்றிலும் அனுபவமுள்ள வெளிநாட்டுக் கூட்டாளி இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கை, அது போட்ட பணமும் வட்டியும் கொடுத்து மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அதாவது லாபம் வந்தால் அது உழைத்தவர்களுக்கு. அந்நாட்டின் துணிகர முதலீட்டுத் துறை அங்கிருந்துதான் எழுந்தது.

சின்னக் குழுவுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தொழில் செய்து பார்த்த ஒருவர் ஒவ்வொரு முதலீட்டையும் முன்னின்று நடத்த வேண்டும், அவர் பணம் அதில் இருக்க வேண்டும். பெரிய நகரத்து முதலீட்டாளர் ஒருவரை ஆரம்பத்திலேயே கூட்டாளியாக்குங்கள். அடுத்த சுற்றுப் பணம் அவர் வழியாகத்தான் வரும். ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதாதீர்கள். புதிய நிறுவனங்களுக்கு முதல் பணம் கொடுக்கும் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 2013-ல் வெளியிட்ட ‘சேஃப்’ (இப்போது பணம், பங்கு பின்னால் என்ற ஒப்பந்தம்) போல எல்லோருக்கும் பழகிய படிவத்தை, உங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஏற்றதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே நாற்பது சதவீதப் பங்கு கேட்கும் உள்ளூர்ப் பணக்காரர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். அவரை அன்பாக ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பங்குப் பட்டியலைப் பார்த்தால் அடுத்து வருகிற முதலீட்டாளர் திரும்பிப் போய்விடுவார். கையில் உள்ள பணத்தில் பாதியை, நன்றாகப் போகும் நிறுவனங்களின் அடுத்த சுற்றுக்கு ஒதுக்கி வையுங்கள். போட்டதில் பாதிக்கு மேல் திரும்பி வராது என்று உறுப்பினர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு நிறுவனத்தில் பணம் போட முடியாது என்றால் நிறுவனரிடம் இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். நிறுவனரைக் கொல்வது மறுப்பு அல்ல, இழுத்தடிப்பு.

போகிறவர்களைப் போக விடுங்கள்

நல்ல ஆள் வேலையை விட்டுப் போய்ப் பக்கத்திலேயே நிறுவனம் தொடங்கினால் பழைய முதலாளிக்குக் கோபம் வரும். வரட்டும். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் கலிபோர்னியாவில் 1872 சட்டத்திலிருந்தே செல்லாது. ஃபேர்சைல்டிலிருந்து வெளியேறிய நாய்ஸும் மூரும் 1968-ல் இன்டெல் தொடங்கினார்கள். 1972-ல் கிளைனர் பெர்கின்ஸ், செக்கோயா என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்களைத் தொடங்கியவர்களிலும் ஃபேர்சைல்ட் ஆட்கள் உண்டு. எஸ்டோனியாவில் ஸ்கைப்பை ஈபே 2005-ல் வாங்கியது. ஸ்கைப்பின் முதல் ஊழியர் டாவெட் ஹின்ரிகஸ் பின்னர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் டிரான்ஸ்பர்வைஸின் (இன்றைய வைஸ்) இணை நிறுவனரானார். நோக்கியா ஆட்குறைப்பு செய்தபோது 2011-ல் கொண்டுவந்த ‘பிரிட்ஜ்’ திட்டத்தில், சொந்தத் தொழில் தொடங்க ஒருவருக்கு 25,000 யூரோ வரை கொடுத்தது. உங்கள் பகுதியின் பெரிய நிறுவனத்திடம் இதைத்தான் கேட்க வேண்டும்: வெளியே போகிறவருக்கு முதல் ஆர்டர் நீங்களே கொடுங்கள். பிரிவு உபசாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

எதை எண்ணுவது

நடத்திய நிகழ்ச்சி, வந்த தலை, வெளியான செய்தி, இவை எண்ணுவதற்குச் சுலபம். அறிக்கையிலும் அழகாக இருக்கும். நான் எண்ணுவது வேறு: காசு கொடுத்து நடந்த பைலட்கள், அவற்றில் இரண்டாவது ஆர்டர் வந்தவை, பில் கொடுத்ததிலிருந்து பணம் வர ஆன நாட்கள், தோற்ற நிறுவனர்களில் எத்தனை பேர் இதே வட்டாரத்தில் மறுபடி தொடங்கினார்கள் என்பது. கடைசி எண் முதல் சில ஆண்டுகள் பூஜ்யமாகவே இருக்கும். அமெரிக்காவின் பௌல்டர் நகரில் இந்த வேலையைச் செய்த முதலீட்டாளர் பிராட் ஃபெல்ட், எந்த நாளில் கேட்டாலும் இன்னும் இருபது ஆண்டு என்றே நினைக்கச் சொல்வார். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிசர்ச் டிரையாங்கிள் என்ற ஆராய்ச்சிப் பூங்கா 1959-ல் அமைந்தது. ஐபிஎம் வந்து சேர்ந்தது 1965-ல். ஆறு ஆண்டு பொறுத்திருக்க ஆள் இருந்தார்கள். உங்கள் குழுவில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதவிக்காலம் முடிந்ததும் கிளம்பிவிடும் அதிகாரியை நம்பி எக்செல் தாளைக்கூடத் திறக்க வேண்டாம்.