அமெரிக்கக் கால்பந்து: களத்தில் யார் எவர் என்று கண்டுபிடிப்பது எப்படி?

என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்) ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களின் கண், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமே ஒட்டிக்கொள்ளும். மற்ற 21 பேரும் வெறும் கூட்டமாகத் தெரிவார்கள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. பந்து நகர்வதற்கு முன் கிடைக்கும் சில நொடிகளில் இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: பந்தை ஒட்டி ஐவர்

குனிந்து பந்தைப் பிடித்திருப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். இவர்களின் எண்கள் 50க்கும் 79க்கும் இடையில் இருக்கும். தடுப்பதுதான் வேலை, முன்னோக்கி எறியும் பாஸைப் பிடிக்க அனுமதி இல்லை. (நடுவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் பிடிக்கலாம், அரங்கில் அறிவிப்பும் வரும்.) வலக்கைக்கார குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவருடைய முதுகுப்பக்கம் ஆகிவிடும். அங்கிருந்து பாய்பவரை அவரால் பார்க்க முடியாது என்பதால்தான் இடது டேக்கிளுக்கு அவ்வளவு மதிப்பு.

படி 2: பின்னால் நிற்பவர்கள்

குவார்ட்டர்பேக் சென்டரை ஒட்டி நிற்பார், அல்லது ஷாட்கன் அமைப்பில் சுமார் 5 யார்டு தள்ளி நிற்பார். பக்கத்திலோ பின்னாலோ இருப்பவர், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக். அவருக்கு வழி திறந்துவிடும் ஃபுல்பேக்கை இப்போது பல அணிகளில் அரிதாகவே காணலாம்.

படி 3: கோட்டின் இரு முனைகள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். பந்து கையிலுள்ள அணி குறைந்தது 7 பேரைக் கோட்டில் (பந்து இருக்கும் இடத்தில் களத்தின் குறுக்கே செல்லும் கற்பனைக் கோடு) நிறுத்த வேண்டும். அந்த வரிசையில் இரு முனைகளில் நிற்பவர்களுக்கு மட்டுமே பாஸ் பிடிக்க உரிமை. டேக்கிளை ஒட்டி நிற்பவர் டைட் எண்ட். தடுக்கவும் செய்வார், பிடிக்கவும் செய்வார். ஓரத்தில் நிற்பவர்கள் வைட் ரிசீவர்கள். டைட் எண்டுக்கு வெளியே ஒரு ரிசீவரும் கோட்டிலேயே நின்றுவிட்டால், டைட் எண்ட் உரிமையை இழக்கிறார். அந்த ரிசீவர் ஓரடி பின்வாங்கி நிற்பதன் காரணம் அதுவே.

படி 4: எதிரணி

கோட்டில் கையூன்றி நிற்பவர்களை எண்ணுங்கள். பின்னால் சில யார்டு தள்ளி லைன்பேக்கர்கள், ரிசீவர்களுக்கு எதிரே கார்னர்பேக்குகள், கடைசியில் இரு சேஃப்டிகள். 4-3 என்றால் கோட்டில் நால்வர், லைன்பேக்கர் மூவர். 3-4 இதன் மறுதலை. பந்து கையிலுள்ள அணி மூன்று ரிசீவர்களை இறக்கினால், ஒரு லைன்பேக்கரை வெளியேற்றி ஐந்தாவது பின்கள ஆட்டக்காரரைக் கொண்டுவருவது வழக்கம். அதற்கு நிக்கல் என்று பெயர். 3-4இல் வெளி லைன்பேக்கர் கோட்டின் ஓரத்திலேயே நிற்பதால் டிஃபென்சிவ் எண்ட் போலத் தெரிவார். கை தரையில் இல்லையென்றால் பெரும்பாலும் லைன்பேக்கர்தான். சேஃப்டிகள் டிவி சட்டகத்துக்கு வெளியே இருக்கலாம், எண்ணிக்கை 11 வராவிட்டால் பதற வேண்டாம்.

படி 5: பந்து நகர்ந்ததும்

குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு கார்டைப் பாருங்கள். பின்னுக்குப் போனால் பெரும்பாலும் பாஸ். முன்னே பாய்ந்தால் ஓட்டம். பாஸ் பறப்பதற்கு முன் லைன்மேன் (படி 1இல் பார்த்த ஐவரில் ஒருவர்) கோட்டைத் தாண்டி ஒரு யார்டுக்கு மேல் போனால் என்எஃப்எலில் அபராதம் என்பதால், இதில் ஏமாற்றுவது எளிதல்ல.

நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், பெரும்பாலும் ஆளே மாறிவிடுவார்கள். பந்தை உதைத்துக் கொடுக்க பண்டர், கம்பங்களுக்கிடையே அடிக்க கிக்கர், இருவரின் உதைக்காகவும் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்கு வீச லாங் ஸ்னாப்பர். கடைசியாகச் சொன்னவரின் பெயர் பந்து தவறினால்தான் ஒலிபெருக்கியில் கேட்கும்.