மேக்னம் தோட்டா வாங்கும் முன் தோளைக் கேளுங்கள்

அமெரிக்காவில் செட்டிலான நம் பையன்கள் சிலர் இப்போது வேட்டைக்கும் கிளம்பிவிட்டார்கள். டென்வரில் இருக்கும் என் அக்கா மகன் அதில் ஒருவன். கொலராடோ மலையில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறான். "மாமா, 300 வின் மேக்கா, 7 எம்எம்மா?" என்று பெங்களூர் அல்சூரில் இருக்கிற என்னைப் போனில் கேட்கிறான். இரண்டும் மேக்னம் வகைத் தோட்டாக்கள், அதாவது சாதாரணத் தோட்டாவைவிட அதிக வெடிமருந்து ஏற்றியவை. நான் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் ரெக்ரூட்டுகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன், அதனால்தான் கேட்கிறான். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்குக்காக வேட்டையாட வழியில்லை. ஆக, இது அங்கே இருப்பவர்களுக்கு.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். கடைக்காரர் 1,000 கெஜம் என்பார், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு பேப்பர் தட்டை நட்டுவைத்து, மலை ஏறிய மூச்சு அடங்கும் முன்பே உட்கார்ந்து சுட்டுப் பாருங்கள். சூடேறாத பேரலின் முதல் குண்டு எந்தத் தூரம் வரை தட்டில் விழுகிறதோ, அதுதான் உங்கள் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 300 கெஜத்தைத் தாண்டாது. அப்படியென்றால் மேக்னமே தேவையில்லை. 1906இல் வந்த 30-06 என்ற சாதாரணத் தோட்டா போதும். கொலராடோ சட்டம் எல்குக்குக் கேட்பதும் அதிகமில்லை: 0.24 அங்குலக் காலிபர் (குண்டின் விட்டம்), விரியும் குண்டு 85 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல்.

சரி, 400, 500 கெஜம் நிஜமாகவே கைவருகிறது என்று வையுங்கள். அப்போது நான்கு பெயர்களைப் பார்த்தால் போதும்.

7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 1962இல் வந்தது. 160 கிரெய்ன் குண்டை வினாடிக்குச் சுமார் 2,950 அடி வேகத்தில் தள்ளும். 300 வின்செஸ்டர் மேக்னம் அதற்கு அடுத்த வருடம் வந்தது. 180 கிரெய்ன் குண்டு, கிட்டத்தட்ட அதே வேகம். இரண்டின் தோட்டாவும் அங்கே சின்ன ஊர்க் கடையில்கூடக் கிடைக்கும். விமானத்தில் பெட்டி தொலைந்துபோனால் அதன் அருமை தெரியும். புதியவற்றில் ஹார்னடி கம்பெனியின் 7 பிஆர்சி, 300 பிஆர்சி இரண்டும் நீளமான, காற்றை நன்றாக வெட்டும் குண்டுகளுக்காகவே செய்தவை. 7 பிஆர்சி 175 கிரெய்னை 3,000 அடி வேகத்திலும், 300 பிஆர்சி 212 கிரெய்னை 2,860 அடி வேகத்திலும் அனுப்பும். 338 வின்செஸ்டர் மேக்னத்தைப் பெரிய கரடி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

பழைய 300 வின் மேக்கில் ஒரு குறை உண்டு. தோட்டாவின் கழுத்து குட்டை, மொத்த நீளமும் 3.34 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே நீளக் குண்டு போட்டால் அது வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். 300 பிஆர்சி இதைச் சரிசெய்திருக்கிறது, ஆனால் 3.7 அங்குலம் இருப்பதால் அதற்குப் பெரிய ஆக்ஷன் (தோட்டாவை ஏற்றி இறக்கும் ரைபிளின் இயந்திரப் பகுதி) வேண்டும். 7 பிஆர்சி சாதாரண லாங் ஆக்ஷனிலேயே அடங்கிவிடும். பேரலின் உட்சுருளையும் பாருங்கள். பழைய 7 எம்எம் ரைபிள்களில் 9 அல்லது 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 7 பிஆர்சியில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளக் குண்டு தடுமாறாமல் போக இறுக்கமான சுருள்தான் வேண்டும்.

குண்டு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் 1946இல் கனடாவில் சேறு அப்பிய ஒரு மூஸ் (மிகப் பெரிய மான்) மீது 300 ஹெச் அண்டு ஹெச் மேக்னத்தால் சுட்டார். வேகம் அதிகம், குண்டு மெல்லிசு. உள்ளே போகாமல் மேலேயே உடைந்தது. அந்தக் கடுப்பில்தான் நடுவில் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டைச் செய்தார். மேக்னம் வாங்கினால் இப்படித் தடுப்பு வைத்ததோ, முழுச் செம்போ, ஈயத்தோடு உறை ஒட்டிய குண்டோ வாங்குங்கள். போட்டிக்கான மேட்ச் குண்டு வேண்டவே வேண்டாம். தூரத்தில் பிரச்சினை தலைகீழ்: நிறைய வேட்டைக் குண்டுகள் 1,800 அடி வேகத்துக்குக் கீழே சரியாக விரியாது. பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச வேகத்தைப் படித்து, உங்கள் தூரத்தில் அது மிஞ்சுகிறதா என்று கணக்குப் போடுங்கள்.

இப்போது தோள். மூன்றே முக்கால், நாலு கிலோ ரைபிளில் மேக்னம் அல்லாத 308இன் உதை சுமார் 17 அடி-பவுண்டு, 7 எம்எம் ரெமிங்டன் 20, 300 வின் மேக் 25க்கு மேல், 338 வின் மேக் 33. மருமகன் நண்பனின் 300ஐச் சுட்டு ஸ்லோ மோஷன் வீடியோ அனுப்பினான். மேகசினில் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி கலந்து போடச் சொல்லியிருந்தேன். போட்டவன் நண்பன், எது டம்மி என்று இவனுக்குத் தெரியாது. டம்மி வந்தது. 'டிக்' என்ற சத்தத்தோடு பேரல் நுனி இரண்டு விரல்கடை கீழே குத்தியது, கண் இறுக மூடியது, வலது தோள் முன்னால் பாய்ந்தது. வெடிக்கும் முன்பே உடம்பு உதைக்குப் பயந்துவிட்டது! வீடியோவை நிறுத்தி அனுப்பினேன். "இது நானா மாமா?" என்றான்.

ரெக்ரூட்டுகளிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்தோடு சுடும் 300ஐவிடப் பயமில்லாமல் சுடும் 7 எம்எம் பல மடங்கு மேல். டம்மி வரும்போது நுனி அசையாத தோட்டா எதுவோ அதையே வாங்குங்கள். பேரல் நுனியில் வாயுவைத் திருப்பிவிடும் மஸில் பிரேக் போட்டால் உதை குறையும், ஆனால் காது போய்விடும், பக்கத்தில் நிற்கும் கைடும் திட்டுவார்.

காற்றைப் பற்றியும் ஒரு கணக்கு. பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால், இந்த இரண்டு பழைய மேக்னங்களும் 500 கெஜத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடி தள்ளிப்போகும். எல்க் நம் கடமானுக்குப் பெரியப்பா முறை என்றாலும், அதன் நுரையீரல் பரப்பு அவ்வளவு அகலம் இல்லை. நீளக் குண்டு போட்ட பிஆர்சி இதில் சில அங்குலம் மிச்சம் பிடிக்கும், காற்றைப் படிக்கும் வேலையைச் செய்யாது.

மருமகனுக்கு 7 பிஆர்சி சொன்னேன். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் பழைய 7 எம்எம் ரெமிங்டன்தான் என் பதில். எதை வாங்கினாலும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், பத்துப் பெட்டி எடுத்துக்கொண்டு, எட்டைப் பயிற்சியில் தீர்த்துவிடுங்கள். ஒன்பதாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், கீழே செட் செய்த ஸ்கோப் தூரத்தில் கொஞ்சம் மேலே அடிக்கும். கேம்ப் போனதும் கைடிடம் கேட்டு இரண்டு ரவுண்டு சுட்டுச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் காட்டுக்குள் போங்கள்.